பகடை உருளும்போது என்ன இசை? கேள்வி பதில்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டிக் கதை நடத்துகிற ரோல்பிளேயிங் விளையாட்டுகளுக்கு இசை சேர்ப்பது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஏழெட்டு வருடமாக கேம் மாஸ்டராக, அதாவது கதையை நடத்துகிறவராக உட்காருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்கு நாற்பது டிராக் சேர்த்துவிட்டேன். போதுமா?

ரொம்ப அதிகம் தம்பி. ஊர், பயணம், சண்டை, பதற்றம் என்று நாலு போதும். நாற்பது இருந்தால் பூதம் கதவை உடைக்கிற நேரத்தில் நீ போனைத் தடவிக்கொண்டிருப்பாய். அப்புறம், எல்லாவற்றையும் முன்கூட்டியே டவுன்லோட் செய்துகொள். எங்கள் மேசையில் ஒரு வீரன் உயிர் விடும்போது பற்பசை விளம்பரம் ஓடியது. அவன் கடைசியாக என்ன சொன்னான் என்று இன்று யாருக்கும் ஞாபகமில்லை.

தமிழ் சினிமாப் பாட்டு போடலாமா?

வேண்டாம். தெரிந்த வரி காதில் விழுந்தால் ஒருத்தர் முணுமுணுப்பார், இன்னொருத்தர் அடுத்த வரியை எடுப்பார், கடைசியில் அந்தாக்ஷரிதான். நாதஸ்வரமும் ஆபத்து: ராஜசபையை எவ்வளவு வர்ணித்தாலும் எல்லோருக்கும் கல்யாணப் பந்திதான் ஞாபகம் வரும்.

கால் ஆஃப் கதுலு என்ற திகில் விளையாட்டு நடத்துகிறோம். 1923, அமெரிக்கா. ஜாஸ் சரியா சார்?

சரிதான். ஆனால் பாட்டை மட்டும் பார்க்காமல் பதிவின் ஓசையையும் பாருங்கள். மைக் வைத்து மின்முறையில் பதிவு செய்த இசைத்தட்டுகள் 1925இல்தான் கடைக்கு வந்தன. அதற்கு முன்பு புனல் போன்ற ஒரு பெரிய கொம்பின் முன்னால் நின்று வாசித்தார்கள். தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவது போன்ற அந்த ஓசையும் இரைச்சலும் பாதி பயத்தைக் கொண்டுவந்துவிடும். புதிதாக வாசித்த சுத்தமான ஜாஸ் போட்டால் காபி ஷாப் மாதிரி இருக்கும்.

இன்னொன்று. அந்தக் காலத்து 10 அங்குலத் தட்டு ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் ஓடும். நான் அதைக் கடிகாரமாக்கினேன். பாழடைந்த வீட்டில் கிராமபோன் தானாக ஓடுகிறது, தட்டு முடிவதற்குள் மாடி அறையைத் தேடி முடிக்க வேண்டும் என்றேன். பாதிப் பேர் பகடையைக் கீழே தவறவிட்டார்கள். தட்டு முடிந்து ஊசி உரசுகிற 'கர்ர்... கர்ர்...' சத்தத்தை மட்டும் தனி லூப்பாக வைத்திருந்தேன். அது ஓட ஆரம்பித்ததும் ஒரு நண்பர் எழுந்து போய் லைட்டைப் போட்டார்!

டிஸ்கார்டில் (இணையத்தில் குழுவாகப் பேசும் செயலி) விளையாடும்போது என் இசை விட்டு விட்டுக் கேட்கிறதாம்.

ஸ்பீக்கரில் ஓடவிட்டு மைக்கில் பிடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இரைச்சல் குறைக்கும் வசதி இசையையும் இரைச்சலாக எண்ணி வெட்டிவிடும். அதை அணையுங்கள், அல்லது ஸ்கிரீன் ஷேரில் ஒலியையும் சேர்த்து அனுப்புங்கள்.

எவ்வளவு சத்தமாக வைப்பது?

பகடை மேசையில் விழுகிற சத்தம் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

இசையிலிருந்தே கதை பிறக்குமா அக்கா/அண்ணா?

அண்ணாதான். ரிப்பன் டிரைவ் என்ற விளையாட்டே அப்படித்தான். ஆளுக்கொரு பாட்டுத் தொகுப்பு கொண்டுவந்து, அந்த வரிகளிலிருந்து ஒரு சாலைப் பயணக் கதையைப் பின்ன வேண்டும்.

கடைசி வில்லனுக்கு என்ன இசை போடுவது?

எதுவும் போடாதீர்கள். மூன்று மணி நேரமாக மெல்ல ஓடிக்கொண்டிருந்ததை, அவன் வாயைத் திறக்கிற நொடியில் நிறுத்துங்கள். எங்கள் ஹால் ஃபேன் கடகடவென்று ஆடுவது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் கேட்டது.