திரையில் சொன்னது, ட்விட்டரில் திருத்தியது

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தொலைக்காட்சி நெறியாளர் டான் லெமன் விவகாரம் பற்றி ஒரு நண்பரோடு நேற்று பெரிய வாக்குவாதம். 2023-ல் சிஎன்என் சேனலின் காலை நிகழ்ச்சியில் அமெரிக்க அரசியல்வாதி நிக்கி ஹேலியின் வயதைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னார். அதற்காக 17 வருடம் அந்தச் சேனலில் இருந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தினமும் மூன்று மணி நேரம் நேரலையில் பேசுகிறவருக்கு நாக்கு ஒரு தடவைகூடப் பிசகாதா? அவரைக் கிழித்தவர்கள் ஒருநாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். இப்படியே போனால் எழுதிக் கொடுத்ததை வாசிக்கும் பொம்மைகள்தான் திரையில் மிஞ்சுவார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் ஒரு திருத்தம். லெமன் அதைச் சொன்னது 2023 பிப்ரவரி 16 அன்று. சில நாள் திரையில் வரவில்லை. 22-ம் தேதி திரும்பி வந்துவிட்டார். வேலை போனது ஏப்ரல் 24 அன்று. இடையில் இரண்டு மாதம் ஓடியிருக்கிறது. சேனலும் பிரிவை அறிவித்ததே தவிர, இந்தப் பேச்சுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆகவே ‘ஒரு வார்த்தைக்கு வேலை போச்சு’ என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். அதிபர் தேர்தலில் இறங்கிய கையோடு, 75 வயதைத் தாண்டிய அரசியல்வாதிகளுக்கு மனத்திறன் சோதனை வேண்டும் என்றார் ஹேலி. அப்போது பைடனுக்கு 80, டிரம்புக்கு 76. இருவரையும் ஒரே கல்லில் அடித்த பேச்சு அது. விமர்சிக்க எவ்வளவோ இடம் இருந்தது: வயதை வைத்துத் திறமையை அளக்கலாமா, சோதனையை யார் நடத்துவது, இப்படிக் கேட்கலாம். லெமன் இதையெல்லாம் விட்டுவிட்டு, 51 வயதான ஹேலிக்கே ‘நல்ல வயது’ கடந்துவிட்டது என்றார். பெண்ணுக்கு அது இருபதுகளிலும் முப்பதுகளிலும், போனால் போகிறது, நாற்பதுகளிலும்தானாம். சொன்னவருக்கு வயது 56!

இதுவரைக்கும் உங்கள் பக்கம் வந்துவிடுவேன். நேரலையில் அசட்டுத்தனமாக ஒன்று வந்து விழும். ஆனால் பக்கத்தில் இருந்த சக நெறியாளர் பாப்பி ஹார்லோ சும்மா இருக்கவில்லை. எதற்கு நல்ல வயது, பிள்ளை பெறுவதற்கா, அதிபர் ஆவதற்கா என்று அங்கேயே கேட்டார். நேரலையில் இருப்பவருக்கு இதைவிட நல்ல கைகொடுப்பு கிடைக்காது. ‘தப்பாச் சொல்லிட்டேன், விட்டுடுங்க’ என்றால் அதோடு முடிந்திருக்கும். லெமன் என்ன செய்தார்? உள்ளதைத்தான் சொல்கிறேன், கூகுளில் தேடிப் பாருங்கள் என்றார். நாக்குப் பிசகியது என்கிறீர்கள். பிசகிய நாக்கு ஆதாரம் காட்டுமா?

அப்புறம் வருத்தம் தெரிவித்தார், ட்விட்டரில். அலுவலகக் கூட்டத்தில் சக ஊழியர்களிடமும் மன்னிப்புக் கேட்டார். சேனல் ஏதோ பயிற்சிக்கு ஏற்பாடு செய்தது. (56 வயதுக்காரருக்குப் பெண்களின் வயதைப் பற்றி என்ன பயிற்சி கொடுத்திருப்பார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.) திரும்பி வந்த அன்று காலை, எந்தத் திரையில் அதைச் சொன்னாரோ அதே திரையில், அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் எல்லோரும் ட்விட்டரில் இருந்தார்களா என்ன? அவர் பேச்சைவிட எனக்கு இதுதான் பெரிய குறை.

இதோடு வைத்துப் பார்க்க இன்னொன்று இருக்கிறது. உக்ரைன் போர் தொடங்கிய மறுநாள், 2022 பிப்ரவரி 25 அன்று, சிபிஎஸ் என்ற அமெரிக்கச் சேனலின் செய்தியாளர் சார்லி டகாட்டா கீவ் நகரத்திலிருந்து பேசினார். இது இராக், ஆப்கானிஸ்தான் மாதிரியான இடமில்லை, ஓரளவு நாகரிகமான, ஓரளவு ஐரோப்பிய நகரம் என்றார். வார்த்தையைப் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்று நடுவில் அவரே சொல்லிக்கொண்டார். பார்த்துப் பொறுக்கியதே அதுதான்! என் கணக்கில் இது லெமன் சொன்னதைவிட மோசம். அங்கே அடிபட்டவர் ஒரு அரசியல்வாதி. அவர் தரப்பு அதை வைத்தே தேர்தல் நன்கொடையும் திரட்டிவிட்டது. இங்கே போரில் வீடிழந்த இரண்டு நாட்டு மக்களுக்குக் குண்டு விழுவது பழக்கம்தானே என்ற தொனி. அரபு, மத்திய கிழக்குப் பத்திரிகையாளர் சங்கம் கண்டித்தது. கத்தாரிலிருந்து இயங்கும் அல் ஜசீராவின் ஆங்கிலச் சேனலிலேயே ஒரு நெறியாளர் அந்த வாரம் ஏறக்குறைய இதே மாதிரி பேச, சேனல் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

டகாட்டா மறுநாளே திரைக்கு வந்து, தான் பேசிய விதத்துக்கு வருந்துவதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். வேலையும் போகவில்லை. கோபம் முழுக்கத் தணிந்தது என்று சொல்ல மாட்டேன், தணியவும் வேண்டியதில்லை. ஆனால் சொன்ன இடத்திலேயே திருத்தினார்.

எழுதிக் கொடுத்ததை வாசிக்கும் பொம்மைகள் என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். லெமன் அதற்கு முன் இரவு 10 மணி நிகழ்ச்சி நடத்தியவர். அங்கே சொந்தக் கருத்தை உரக்கச் சொல்வதற்குத்தான் மதிப்பு. 2022 நவம்பரில் அவரைக் காலைக்கு மாற்றி, இன்னும் இரண்டு பேரோடு உட்காரவைத்தது சேனல். செய்தியும் அரட்டையும் கலந்த நிகழ்ச்சி. மனதில் பட்டதைச் சொல்லுங்கள் என்று உட்காரவைத்துவிட்டு, பட்டதைச் சொன்னதும் பயிற்சிக்கு அனுப்புகிற நிர்வாகம் மேல் உங்களுக்குக் கோபம் வந்தால், சரி, நானும் கூட நிற்கிறேன். பார்வையாளர்கள் மேல் அந்தக் கோபம் எதற்கு? மூன்று மணி நேரம் பேசக் கிடைப்பவருக்கு முன்னால், அவர்களுக்குக் கிடைப்பது ஒரு புகார்க் கடிதமோ நான்கு வரிப் பதிவோதான். அதில் வசவு இருந்தது, மிரட்டல் இருந்தது என்றால் அதை எழுதியவர்களைத் தனியாகக் கண்டியுங்கள். நீங்கள் சொன்னதைத் திரையிலேயே திருத்துங்கள் என்று கேட்டவர்களை அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்கிறீர்களே, ஹார்லோவும் அன்று அதே நேரலையில்தான் உட்கார்ந்திருந்தார்.