அச்சடித்த கேள்வித்தாளோடு போகாதீர்கள்: கேள்வி பதில்

ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஊர்களில் சுகாதார ஆய்வு செய்யப்போகிறவர்கள் கேட்டவை.

கே: சர்க்கரை நோய் ஆய்வு, சிட்னி பக்கம். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்துவிட்டது. கிளம்பலாமா?

அது போதாது. நியூ சவுத் வேல்ஸில் பூர்வகுடிகளுக்கென்றே தனி நெறிமுறைக் குழு இருக்கிறது. அங்கேயும் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் முன்னால், அந்த ஊர் மக்களே நடத்தும் மருத்துவ நிலையத்துக்குப் போங்கள். 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் தொடங்கிய வழக்கம் அது. எதை ஆராய வேண்டும் என்பதையே அவர்களோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். அச்சடித்த கேள்வித்தாளோடு போகாதீர்கள்.

கே: எத்தனை நாளாகும்?

மாதக்கணக்கில். ஊரில் சாவு விழுந்தால் ‘சாரி பிசினஸ்’ என்கிற துக்கச் சடங்குகள் முடியும்வரை உங்கள் வேலை நிற்கும். எழவு வீட்டில் படிவத்தை நீட்டுவோமா?

கே: பங்கேற்பவர்களுக்குப் பரிசுக் கூப்பன் கொடுத்தால் சரியா?

கொடுங்கள். ஆனால் ஊர்க்காரர்களைச் சம்பளத்துக்கு ஆய்வாளர்களாகச் சேர்ப்பதுதான் முக்கியம். கட்டுரையில் அவர்கள் பெயரும் வரட்டும்.

கே: பழைய ரத்த மாதிரிகள் ஃப்ரீசரில் கிடக்கின்றன. வேறு ஆய்வுக்கு எடுக்கலாமா?

கேட்காமல் தொடாதீர்கள். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1960கள் முதல் சேர்த்த சுமார் 7,000 மாதிரிகள் இருந்தன. பிற்பாடு அந்தந்த ஊருக்கே போய், குடும்பங்களிடம் என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். வட ஆஸ்திரேலியாவில் உள்ள கலிவின்கு ஊர் மக்கள் கேட்ட மாதிரிகள் 2019இல் திரும்பிப் போயின.

கே: அறிவியலுக்கு நஷ்டம்தானே? பெயரை நீக்கிவிட்டால் யாருக்கு என்ன கெடுதல்?

ஆள் பெயர் போகும், இனத்தின் பெயர் போகுமா? அமெரிக்காவில் ஹவசுபாய் என்ற பூர்வகுடி மக்கள் 1990 வாக்கில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தாரிடம் சர்க்கரை நோய் ஆய்வுக்கென்று ரத்தம் கொடுத்தார்கள். அதை வைத்து மனச்சிதைவையும் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் ஆராய்ந்துவிட்டார்கள். தாங்கள் வாழும் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் நாங்கள் என்று நம்பும் மக்கள்! வழக்கு 2010இல் 7 லட்சம் டாலரோடு முடிந்தது, ரத்தமும் திரும்பியது. இடையில் அந்தப் பல்கலைக்கழகத்தாரை ஊருக்குள் நுழையவே கூடாது என்று தடுத்தார்கள். நஷ்டம் என்றால் அதுதான்.

கே: ஆனாலும் மருந்து கண்டுபிடித்தால் அவர்களுக்கும் நல்லதுதானே?

அதை அவர்களிடமே சொல்லி, சம்மதம் வாங்குங்கள். இதே கேள்வி வேறு வேறு சொற்களில் இன்னும் நான்கு வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் இதுதான் பதில்.

கே: மாவோரிகளுக்கும் இதே முறையா?

நியூசிலாந்து என் துறை அல்ல. ‘தே அரா டிக்கா’ என்ற மாவோரி ஆய்வு நெறிமுறை வழிகாட்டியைப் படியுங்கள்.

கே: ஒப்புதலுக்கு எத்தனை நாள்?

மேலே பாருங்கள்.

கே: கேள்வித்தாள் 500 பிரதி ஏற்கெனவே அச்சடித்துவிட்டேனே!

பின்பக்கம் வெற்றாகத்தானே இருக்கும்? அவர்கள் சொல்வதை அதில் எழுதிக்கொள்ளுங்கள்.