சேற்றுப்புண் முதல் சொத்தை நகம் வரை: தோல் மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாதத்தைப் பற்றித்தான். மழை ஆரம்பித்தால் இது வழக்கம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

நடவு வேலைக்குப் போகிறேன். ஒவ்வொரு வருஷமும் சுண்டுவிரல் இடுக்கு வெள்ளையாக ஊறி, வெடித்து எரிகிறது. மருதாணி அரைத்துப் போட்டால் போதுமா? (மன்னார்குடி)

சேற்றுப்புண். பெரும்பாலும் சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில்தான் தொடங்கும். அங்கே விரல்கள் ஒட்டிக் கிடப்பதால் காற்றே போகாது. தோல் தண்ணீரில் ஊறி நொந்ததும் பூஞ்சை குடியேறும், சில சமயம் பாக்டீரியாவும் கூடச் சேரும். மருதாணிக்குப் பூஞ்சையைத் தடுக்கும் குணம் கொஞ்சம் உண்டு. வயலில் இறங்குவதற்கு முன்னால் இட்டுக்கொள்ளும் பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெடித்த புண்ணில் அரைத்து அப்பாதீர்கள்.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். அதன் பிறகு குளோட்ரிமசோல் 1 சதவீத க்ரீம், காலையும் இரவும், 4 வாரம். பத்தாவது நாளே ஆறிவிட்டதுபோலத் தெரியும். நிறுத்தாதீர்கள். சீழ், கெட்ட வாடை, பச்சை நிறம் இருந்தால் க்ரீம் போதாது, நேரில் காட்ட வேண்டும்.

டாக்டர், காலில் அரிப்பு. நல்ல மருந்தாகச் சொல்லவும். (ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா எழுதவில்லை? பாதமா, முழங்காலா, எத்தனை நாளாக, வயது என்ன, சர்க்கரை இருக்கிறதா, இதுவரை என்னென்ன தடவினீர்கள்? எதுவும் தெரியாமல் மருந்து சொல்லும் டாக்டர் யாராவது கிடைத்தால் அவரிடம் போகாதீர்கள்.

மெடிக்கலில் கொடுத்த ட்யூப் போட்டால் இரண்டு நாளில் அரிப்பு போய்விடுகிறது. நிறுத்தினால் முன்பைவிட மோசம். காலில் ஆரம்பித்தது இப்போது தொடையிடுக்கிலும் வட்ட வட்டமாக வந்துவிட்டது. மருந்துக்கே அடங்காத பூஞ்சையா? (திருப்பூர்)

முதலில் அந்த ட்யூப்பைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் மூன்று நான்கு பெயர்கள் இருக்கும். குளோபிடசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அது ஸ்டீராய்டு. கூடவே ஒரு பூஞ்சை மருந்து, ஒன்றிரண்டு பாக்டீரியா மருந்து. என்ன நோய் என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே ட்யூப்! இரண்டு நாளில் அரிப்பை அடக்கியது ஸ்டீராய்டு. பூஞ்சை சாகவில்லை. அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பு அடங்கிக் கிடப்பதால் அது சௌகரியமாகப் பரவுகிறது. நிறுத்தியதும் அரிப்பும் சிவப்பும் இரட்டிப்பாகத் திரும்பும், நீங்களும் மறுபடி அதே ட்யூப்பை வாங்குவீர்கள்.

கொஞ்ச நாளில் படர்தாமரையின் விளிம்பு மங்கி, பார்க்கிற டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகும். தொடையிடுக்கில் மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, பிரசவத் தழும்புபோல வரி விழும். அந்த வரிகள் அப்புறம் போகாது. பதினெட்டு வயதுப் பையன்கள் இந்த வரிகளோடு வருவதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. சீட்டு இல்லாமல் இந்த ஸ்டீராய்டு க்ரீம்களை விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை மாற்றியது. ஆனால் கடையில் போய் "சேற்றுப்புண்ணுக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டால் இன்றும் பல இடங்களில் கைக்கு வருவது இதுதான். கடைக்காரரை மட்டும் சொல்வானேன், இதையே சீட்டில் எழுதித் தரும் டாக்டர்களும் இருக்கிறார்கள்.

மருந்துக்கு அடங்காத பூஞ்சையும் உண்மையாகவே இருக்கிறது. ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று 2020-இல் பெயர் வைத்தார்கள். இந்தியாவில் நன்றாகப் பரவியிருக்கிறது, பலருக்கு டெர்பினஃபின் மாத்திரைக்குக்கூட மசிவதில்லை. உங்களுக்கு வந்திருப்பது அதுவா என்பதை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. ட்யூப்பை இன்றே நிறுத்துங்கள். ஒன்றிரண்டு வாரம் அரிப்பு கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள். தோல் மருத்துவரிடம் சுரண்டல் பரிசோதனை (தோலை லேசாகச் சுரண்டி எடுத்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பது) செய்துகொள்ளுங்கள், பெரிய செலவு இல்லை. தொடை வரைக்கும் ஏறிவிட்டதால் பெரும்பாலும் சில வாரங்களுக்கு மாத்திரை தேவைப்படும். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களுக்கும் அதே சமயத்தில் வைத்தியம் நடக்க வேண்டும். துண்டு, லுங்கி எல்லாம் தனித்தனி. இன்னொன்று: உடுத்தும்போது முதலில் சாக்ஸ், அப்புறம்தான் உள்ளாடை. மாற்றிச் செய்தால் பாதத்துப் பூஞ்சையை உள்ளாடையே தொடைக்குக் கொண்டுபோகும்.

கால் கட்டைவிரல் நகம் தடித்து மஞ்சளாகிவிட்டது. படம் அனுப்பியிருக்கிறேன். எத்தனை நாள் மாத்திரை? (சேலம்)

படம் பார்த்தேன். நெயில் பாலிஷ்தான் தெரிந்தது.

தடித்த நகமெல்லாம் பூஞ்சை இல்லை. ஏறக்குறைய பாதிதான் பூஞ்சை. மீதி சோரியாசிஸ், இறுக்கமான செருப்பு, பழைய அடி என்று போகும். நகத்தை வெட்டிச் சோதிக்காமல் மாத்திரை தொடங்கக் கூடாது. பூஞ்சைதான் என்று உறுதியானால் வழக்கமாக டெர்பினஃபின் 250 மில்லிகிராம், தினம் ஒன்று, 3 மாதம். அதற்கு முன்னால் ஈரல் பரிசோதனை. அதற்குப் பதில் இட்ராகொனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்து என்றால், இதயம் பலவீனமானவர்களுக்குக் கூடாது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். மாத்திரை முடிந்த அன்றே நகம் பளபளக்காது. கால் நகம் முழுசாக வளர ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும். மூன்றாம் மாதம் "ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதாதீர்கள்.

மண்ணெண்ணெய் தடவலாமா?

கூடாது.

அப்பாவுக்கு யானைக்கால். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை குளிர்காய்ச்சல் வந்து கால் சிவந்து வீங்குகிறது. விரலிடுக்கில் சின்ன வெடிப்பு இருக்கிறது, அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. (கடலூர்)

எடுத்துக்கொள்ளுங்கள். கிருமி பெரும்பாலும் அந்தச் சின்ன வெடிப்பு வழியாகத்தான் உள்ளே போகிறது. தினமும் சோப்பும் தண்ணீரும், விரலிடுக்கை ஒற்றி ஒற்றித் துடைப்பது, பூஞ்சைக்கு க்ரீம். இதை விடாமல் செய்தாலே காய்ச்சல் வருவது வெகுவாகக் குறையும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் இதே பதில். ஆனால் காய்ச்சலோடு கால் சிவந்துவிட்டால் அன்றே மருத்துவமனை. க்ரீம் தடவிக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

செக்யூரிட்டி வேலை, 12 மணி நேரம் ஷூ. உள்ளங்காலில் குட்டிக் குட்டிக் குழிகள், நாற்றம் தாங்கவில்லை. பூஞ்சைப் பவுடர் போட்டும் போகவில்லை. (சென்னை)

போகாது. இது அநேகமாக பாக்டீரியா. வியர்வையில் ஊறிய தோலை அரித்துக் குழி போடுகிறது. தடவுகிற ஆன்டிபயாடிக், கிளிண்டமைசின் மாதிரி, டாக்டர் எழுதித் தருவார். இரண்டு ஜோடி ஷூ வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள், சாக்ஸ் தினமும் புதிதாகத் துவைத்தது.

மெட்டி போட்ட விரலைச் சுற்றி அரிப்பு. கழற்ற மனசு வரவில்லை. (மதுரை)

அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை வந்திருக்கலாம், வெள்ளியில் கலந்த நிக்கல் ஒவ்வாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் கழற்றுவதில்தான் தொடங்குகிறது. ஆறும் வரைக்கும் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், மாமியாரிடம் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள்.

இரண்டு உள்ளங்காலும் வறண்டு மாவு மாதிரி உதிர்கிறது. பித்தவெடிப்பு க்ரீம் ஒரு வருஷமாகப் போடுகிறேன். வலது உள்ளங்கையும் அப்படியே, இடது கை நன்றாக இருக்கிறது. (நாகர்கோவில்)

இரண்டு கால், ஒரு கை. கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதிய அந்தக் கைதான் முக்கியமான தடயம். பித்தவெடிப்பு ஒரு கைக்கு மட்டும் வராது. இது பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். காலைச் சொறிந்த கைக்கு ஒட்டியிருக்கும். கையிலிருந்தும் காலிலிருந்தும் தோலைச் சுரண்டிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். உள்ளங்கால் தோல் தடிமன், க்ரீம் மட்டும் போதாமல் மாத்திரையும் தேவைப்படலாம். போகும் முன் ஒரு வாரம் எந்த க்ரீமும் வேண்டாம், இருந்தால் பரிசோதனையில் பூஞ்சை தெரியாமல் போகும்.