ஷிஃப்ட் வேலையில் ஜெபத்தை விடாமல் தொடர்வது எப்படி?

12 மணி நேர ஷிஃப்ட், வாராவாரம் நேரம் மாறுகிறது, ஜெபம் நான்காம் நாளே நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் குறை விசுவாசத்தில் இல்லை. 'காலை 5 மணி' என்று கடிகாரத்தோடு கட்டிவைத்ததில்தான். இரவு ஷிஃப்டில் அந்த 5 மணி எங்கே?

தினமும் தவறாமல் நடக்கும் ஒன்றோடு சேருங்கள்: எழுந்து முகம் கழுவியதும் 10 நிமிடம். முதல் நாளே ஒரு மணி நேரம் வேண்டாம். எம்ஆர்டி ரயிலில் வாசிக்க பைபிளின் 119-ஆம் சங்கீதம் வசதி. 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள். நாளுக்கு ஒன்று என்றால் 22 நாள். ஒருநாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக வாசிக்காதீர்கள், கடன் சேர்ந்தால் மனம் விட்டுப்போகும். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

உபவாசமும் இருக்க நினைத்தால், வேலை இல்லாத நாளில் ஒரு வேளை உணவை மட்டும் விட்டுத் தொடங்குங்கள், தண்ணீரை நிறுத்த வேண்டாம். தினமும் கோப்பி குடிப்பவருக்கு அதை நிறுத்தினாலே தலைவலி வரலாம். அதை ஆவிக்குரிய போராட்டம் என்று எண்ண வேண்டியதில்லை! சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

வேலை நேரத்தில் ஒளிந்து ஜெபிப்பதும் சரியல்ல. பைபிளில் வரும் தானியேல் தினம் மூன்று வேளை ஜெபித்தார், அரசு வேலையிலோ அவரிடம் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை (தானியேல் 6).