காட்டுக்குள் டிஸ்க் கோல்ஃப் ஆட எந்தத் தட்டு வாங்குவது?

கேள்வி: நாங்கள் அட்லாண்டாவில் வசிக்கிறோம். அடுத்த மாதம் நண்பர்கள் சிலர் சேர்ந்து அகஸ்டா அருகே ஆப்ளிங்கில் உள்ள டபிள்யூ. ஆர். ஜாக்சன் டிஸ்க் கோல்ஃப் (பந்துக்குப் பதில் தட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடைக்குள் போடும் ஆட்டம்) மைதானத்துக்குப் போகிறோம். பெரும்பாலும் பைன் காடு, பக்கத்திலேயே ஏரி என்கிறார்கள். இதுவரை இரவல் தட்டுகளை வைத்துத் திறந்தவெளிப் பூங்காவில்தான் ஆடியிருக்கிறோம். கடையில் கேட்டால், 'வேகம் 12' என்று போட்ட டிரைவர் (தூரமாக எறியும் தட்டு) மூன்றை, தலா 20 டாலர் என்று எடுத்துக் காட்டுகிறார்கள். நல்ல தூரம் போகுமாம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மூன்றில் ஒன்றுகூட வேண்டாம்.

தட்டின் மேல் இருக்கும் நான்கு எண்களும் வேகம், மிதப்பு, திரும்பல் (வேகமாகப் பறக்கும்போது ஒரு பக்கம் வளைவது), கடைசியில் விழும் சாய்வு என்ற வரிசையில் வரும். இதில் முதல் எண்ணைத்தான் பலரும் தவறாகப் படிக்கிறார்கள். எவ்வளவு வேகமாக எறிந்தால் தட்டு சொன்னபடி பறக்கும் என்பதை அது சொல்கிறது. 12 என்றால் பல காலம் பழகிய கை வேண்டும். அந்த வேகம் கிடைக்காவிட்டால், வலது கையால் பேக்ஹேண்ட் (கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசுவது) எறிபவருக்குத் தட்டு பாதி வழியிலேயே இடப்பக்கம் சாய்ந்து விழும். திறந்த புல்வெளியில் இதனால் பெரிய நஷ்டமில்லை, நடந்துபோய் எடுத்துக்கொள்ளலாம். காட்டில் அந்த இடப்பக்கத்தில் மரம் நிற்கும். எறியும் பாதையே மரங்களுக்கு நடுவே ஒரு சந்து மாதிரிதான். அங்கே நேராக அறுபது மீட்டர் போகிற தட்டு, வளைந்து எண்பது மீட்டர் போகிற தட்டைவிட எவ்வளவோ மேல்.

இன்னொன்று. இந்த எண்களை ஒவ்வொரு நிறுவனமும் தானே போட்டுக்கொள்கிறது. பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 9 இன்னொன்றின் 9 போலவே பறக்கும் என்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, எதை வாங்குவது? ஆளுக்கு மூன்று போதும். கூடைக்குள் போட ஒரு பட்டர் (putter): இன்னோவா நிறுவனத்தின் அவியார் (2, 3, 0, 1) நல்ல தேர்வு. நடுத்தூரத்துக்கு டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் பஸ் (Buzzz; 5, 4, -1, 1). கொஞ்சம் தூரம் வேண்டுமென்றால் இன்னோவா லெப்பர்ட் (6, 5, -2, 1). இந்த மூன்றையும் மெதுவாக எறிந்தாலும் ஓரளவு நேராகப் போகும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பஸ் வாங்குங்கள். மரங்களுக்கு நடுவே முழு ஆட்டத்தையும் அதை மட்டும் வைத்தே ஆடலாம். எனக்கு மிகவும் பிடித்த தட்டும் அதுதான்.

பிளாஸ்டிக் விஷயத்தில் கவனமாக இருங்கள், காசு வீணாவது இங்கேதான். ஒரே அச்சில் வார்த்த தட்டு மலிவான பிளாஸ்டிக்கில் சுமார் 10 டாலர், உயர்தரத்தில் 18 முதல் 20 டாலர். மலிவானது கைக்கு நன்றாகப் பிடிக்கும், ஆனால் பைன் மரத்தில் நாலு தடவை மோதினாலே விளிம்பு சிதைந்து பறக்கும் விதம் மாறிவிடும். ஆகவே பட்டரை மலிவில் வாங்குங்கள், அது மரத்தில் வேகமாக மோதுவது குறைவு. மற்ற இரண்டுக்கும் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம். எடை 165 முதல் 170 கிராம் இருந்தால் புதியவர்களுக்கு வசதி.

நிறத்தையும் பாருங்கள். அந்தக் காட்டில் தரை முழுக்கப் பழுப்புச் சிவப்பாகப் பைன் ஊசி கிடக்கும். சிவப்பு, ஆரஞ்சு, பச்சைத் தட்டுகள் கண்ணுக்கு முன்னால் கிடந்தாலும் தெரியாது. பளீரென்ற இளஞ்சிவப்போ வெளிர் நீலமோ எடுங்கள். அடிப்புறத்தில் அழியாத மையால் பெயரும் போன் நம்பரும் எழுதிவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் போகும் இடம் சாதாரண இடமில்லை. 2007-இல் திறந்த சர்வதேச டிஸ்க் கோல்ஃப் மையம் அங்கேதான் இருக்கிறது. மூன்று மைதானங்களில் ஒன்றுக்கு, சங்கிலி தொங்கும் கூடையைக் கண்டுபிடித்த எட் ஹெட்ரிக்கின் பெயர். ஜாக்சனில் 2022-இல் சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டி நடந்தது. புதிதாக ஆடுபவர்களை அது சோதிக்கும், முதல் நாளே ஸ்கோரை எண்ணி வருந்தாதீர்கள். மையத்திலேயே கடை இருக்கிறது, தட்டு தொலைந்தால் கவலை வேண்டாம்.

கேள்வி: பழைய தட்டுகள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

பதில்: தாராளமாக. உயர்தர பிளாஸ்டிக்காக இருந்தால், கொஞ்சம் தேய்ந்த தட்டு புதியவர்களுக்கு இன்னும் நன்றாகவே பறக்கும். விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள், தட்டையான இடத்தில் வைத்து ஆடுகிறதா என்றும் பாருங்கள். அடியில் யாருடைய நம்பராவது அழியாமல் இருந்தால், விற்பவரிடம் கேளுங்கள். தொலைந்துபோனதை எடுத்து விற்பவர்களும் உண்டு. அந்த நம்பருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

வாங்கிய தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஜார்ஜியா காடுகளில் மூன்று மூன்று இலையாக வளரும் பாய்சன் ஐவி என்ற நச்சுக்கொடி நிறைய. அதன் எண்ணெய் தட்டில் ஒட்டியிருந்தால் நாள்பட்டும் கையில் அரிப்புக் கொப்புளம் வரும். காட்டிலிருந்து திரும்பிய பிறகும் அப்படியே கழுவுங்கள், தட்டை மட்டுமில்லாமல் காலணியையும்.