மனை, மணல்மேடு, மன்றத் தீர்மானம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பேருந்து நிலையத்துக்கு என் காலி மனையை எடுக்க நகர்மன்றம் தீர்மானம் போட்டுவிட்டால், இடம் போனது போனதுதானா? (கீழக்கரை)

இல்லை. தீர்மானம் நகராட்சியின் விருப்பம், அவ்வளவுதான். அஜெண்டாவின் கடைசிப் பக்கத்தில் வந்து, யாரும் வாய் திறக்காமல் 'ஆல் பாஸ்' ஆனாலும் உங்கள் பட்டாவில் ஓர் எழுத்து மாறாது. அதன் பிறகு இரண்டு வழி. ஒன்று, விலை பேசி நீங்களே சம்மதித்துக் கிரையம் எழுதிக் கொடுப்பது. மற்றது, 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டப்படி எடுப்பது. அதில் பணம் நகராட்சியுடையது, எடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருடையது.

சட்ட வழியில் முதலில் சமூகத் தாக்க மதிப்பீடு, அதாவது நிலம் எடுப்பதால் மக்களுக்கு என்ன பாதிப்பு என்ற ஆய்வு, நடக்கும். பிறகு 11-ஆம் பிரிவு அறிவிப்பு அரசிதழிலும் இரண்டு நாளிதழ்களிலும் வரும். அது வெளியானதிலிருந்து 60 நாளுக்குள் ஆட்சியருக்கு எழுத்தில் ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கவுன்சிலரிடம் சொல்லியாயிற்று, குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தாயிற்று என்று இருந்துவிடுகிறார்கள். அது ஆட்சேபக் கணக்கில் சேராது.

ஆட்சேபத்தில் புலம்பல் வேண்டாம். கேட்க வேண்டியது இரண்டு: எடுக்கும் பரப்பு தேவைக்கு மேல் இருக்கிறதா? மாற்று இடம் பார்த்து, அது சரிவராது என்று காரணம் சொல்லியிருக்கிறார்களா? இரண்டையும் தாக்க மதிப்பீட்டிலேயே ஆராய்ந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். பக்கத்தில் சும்மா கிடக்கும் புறம்போக்கின் சர்வே எண்ணையும் அ-பதிவேட்டு (ஊர் நிலங்களின் வருவாய்த் துறைப் பதிவேடு) நகலையும் இணையுங்கள். ஊருணியையோ கண்மாயையோ மட்டும் கை காட்டாதீர்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் உங்கள் வாதம் நிற்காது. 'நேரில் விசாரிக்கக் கோருகிறேன்' என்ற வரியை மறக்க வேண்டாம். இன்னொன்று: 11-ஆம் பிரிவு அறிவிப்பு வந்த பிறகு ஆட்சியர் அனுமதியின்றி மனையை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது.

குப்பைக் கிடங்குக்கு எங்கள் பனங்காட்டைக் கேட்கிறார்கள். வழிகாட்டி மதிப்பு அடிமட்டம். என்னதான் கிடைக்கும்? (சாயல்குடி)

பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்போடு முடிவதில்லை. அக்கம்பக்கத்தில் அதே மாதிரி நிலங்களுக்குக் கடந்த 3 ஆண்டுகளில் பதிவான கிரையங்களை எடுத்து, விலை கூடிய பாதியை மட்டும் சராசரி பார்ப்பார்கள். பத்துப் பத்திரம் என்றால் மேலே உள்ள ஐந்து. வழிகாட்டி மதிப்பு, இந்தச் சராசரி இரண்டில் எது அதிகமோ அதுதான் சந்தை மதிப்பு. முத்திரைத்தாள் செலவை மிச்சப்படுத்த ஊரே விலையைக் குறைத்து எழுதியிருந்தால், அந்தப் பாவம் இங்கே வந்து விடியும்.

சந்தை மதிப்பு 10 லட்சம், மரமும் கிணறும் 1 லட்சம் என்று வையுங்கள். மொத்தம் 11 லட்சம். அதற்கு 100 விழுக்காடு ஆறுதல் தொகை சேர்ந்து 22 லட்சம். தாக்க மதிப்பீட்டு அறிவிப்பு நாளிலிருந்து தீர்வம் (இழப்பீட்டை முடிவு செய்யும் ஆட்சியரின் உத்தரவு) வரும்வரை நிலத்தின் சந்தை மதிப்புக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு தனி. 8 மாதம் ஆனால் 80,000 ரூபாய். ஆகக்கூடி 22,80,000. ஊரகப் பகுதியில் நில மதிப்பை 1 முதல் 2 வரையிலான காரணியால் பெருக்குவார்கள் என்பதால் இன்னும் கூடலாம்.

அளக்க வரும் நாளில் கட்டாயம் நிலத்தில் நில்லுங்கள். பதனீர் இறக்கும் பனை, வடலி (இளம்பனை), உறைகிணறு, முள்வேலி எல்லாம் தனித்தனியாகக் குறிப்பில் ஏற வேண்டும். ஆள் இல்லாவிட்டால் முதலில் விடுபடுவது வடலிதான்.

தொகை போதாதென்றால் 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிவிட்டே வாங்குங்கள். எழுதாமல் வாங்கினால் கூடுதல் கேட்கும் உரிமை போய்விடும். தீர்வம் வழங்கும்போது நீங்கள் அங்கே இருந்தால், 6 வாரத்துக்குள் கூடுதல் கேட்டு மனு செய்ய வேண்டும்.

கருவாடு காயப்போடும் மணல்மேடு புறம்போக்கு. பட்டா இல்லாத நாங்கள் எதைக் காட்டிப் பேசுவது? (இராமேஸ்வரம்)

அரசு நிலத்தை நகராட்சிக்கு நிலமாற்றம் செய்தால் அது நிலம் எடுப்பு ஆகாது. இழப்பீட்டுச் சட்டமும் வராது. உங்களுக்குக் கைகொடுப்பது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. மீனவர்களின் பொது இடங்களையும் மீன் உலர்த்தும் களங்களையும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்கிறது அந்த அறிவிக்கை. உங்கள் களம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சங்கத் தீர்மானத்தோடு ஆட்சியருக்கும் மீன்வளத் துறைக்கும் இப்போதே எழுதுங்கள். கட்டுமானம் தொடங்கிய பிறகு எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை.

தனியார் நிலம் எடுக்கப்பட்டு, அதனால் உங்கள் தொழில் கெட்டால் கதை வேறு. அதற்கு முந்தைய 3 ஆண்டுகளாகக் கடலை நம்பிப் பிழைத்த குடும்பமும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்'தான். படகுப் பதிவு, நலவாரிய அட்டை, கூட்டுறவுச் சங்க அட்டை மூன்றையும் எடுத்து வையுங்கள்.

கூட்டுப் பட்டா, தம்பி துபாயில். நான் மட்டும் கையெழுத்துப் போடலாமா? (கீழக்கரை)

உங்கள் பங்குக்கு மட்டும். தம்பி அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதி அனுப்பட்டும். அது இங்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பங்கில் தகராறு இருந்தால் பணம் உங்கள் கைக்கு வராமல் நிலம் எடுப்புத் தகராறுகளை விசாரிக்கும் ஆணையத்தில் போய் உட்காரும்.

எங்கள் நகரில் 'பூங்கா' என்று போட்ட இடத்தை மனை போட்டவரே விற்கப் பார்க்கிறார். (இராமநாதபுரம்)

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாக 10 விழுக்காடு திறந்தவெளியை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதித் தர வேண்டும். அப்படித் தந்திருக்கிறாரா என்று பார்க்க, அங்கீகரித்த வரைபடத்தையும் தானப் பத்திர நகலையும் வாங்குங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். மன்றத் தீர்மான நகலும் இதே வழியில் கிடைக்கும். கூட்டத் தேதியையும் பொருள் எண்ணையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.