குடல் அழற்சி இருந்தால் மாரடைப்பும் வருமா?

கேள்வி: என் வயது 38. ஆறு வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் புண் உண்டாக்கும் அழற்சி நோய்) இருக்கிறது. மலத்தில் ரத்தம் வந்தால் குடல் அழற்சியை அடக்கும் மெசலமைன் மாத்திரை எடுப்பேன், நின்றதும் விட்டுவிடுவேன். ரொம்ப முடியாவிட்டால் பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிக்கொள்வேன். அப்பாவுக்கு 50 வயதில் மாரடைப்பு வந்தது. குடல் அழற்சி இருப்பவர்களுக்கு இதய நோயும் வரும் என்கிறார்களே? கொஞ்ச நாளாக மாடி ஏறினால் படபடக்கிறது. கொலஸ்ட்ரால் நார்மல்தான். ஆன்ஜியோ எடுத்துவிடலாமா?
- ஒரு வாசகி

பதில்: ஆன்ஜியோவுக்கு ஓட வேண்டாம். இந்த வாரமே ஒரு இ.சி.ஜி.யும், ஹீமோகுளோபின், இரும்புச்சத்து பரிசோதனைகளும் எடுங்கள். அடிக்கடி ரத்தம் போகிறவருக்கு மாடி ஏறும்போது படபடத்தால் நான் முதலில் சந்தேகிப்பது ரத்தசோகையைத்தான். குடலில் அழற்சி இருக்கும்போது, உடலில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு நார்மல்போலக் காட்டி ஏமாற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆனால் நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடையில் வலி, வியர்வை வந்தால் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ 10 முதல் 25 சதவீதம் கூடுகிறது. அதாவது, ஆயிரத்தில் 10 பேருக்கு வரக்கூடிய இடத்தில் 11 அல்லது 12 பேருக்கு வரலாம்.

எப்போது கூடுகிறது என்பதுதான் முக்கியம். டென்மார்க்கில் 20,000-க்கும் அதிகமான குடல் அழற்சி நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். நோய் கிளம்பியிருந்த காலத்திலும், அடங்காமலே நீடித்தவர்களிடமும்தான் மாரடைப்பும் பக்கவாதமும் கூடின. நோய் அடங்கியிருந்த காலத்தில் அப்படிக் கூடவில்லை. காரணம், குடலில் கிளம்பும் அழற்சி குடலோடு நிற்பதில்லை. அதில் சுரக்கும் ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து ரத்தக்குழாயின் உள்சுவரைக் கெடுக்கின்றன, ரத்தம் எளிதில் உறையவும் வைக்கின்றன.

ஆகவே உங்கள் இதயத்துக்கும் சேர்த்து நான் சொல்லும் மருந்து மெசலமைன்தான். ரத்தம் நின்றதும் அதை நிறுத்துவது இந்த நோயில் நிறையப் பேர் செய்கிற வேலை. ரத்தம் நின்றாலும் உள்ளே புண் ஆறியிருக்கும் என்று சொல்ல முடியாது. மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) பார்த்தால் அது தெரியும். அந்தப் பழைய சீட்டைக் கிழித்துப் போடுங்கள். ஸ்டீராய்டு ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றும். அதனாலேயே இதயத்துக்கு நல்லதல்ல. இப்போது அந்த மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் சட்டென்று நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்கிறபடி குறையுங்கள். அடிக்கடி ஸ்டீராய்டு தேவைப்படுகிறது என்றால் வேறு மருந்துக்கு மாற வேண்டும் என்று அர்த்தம்.

கொலஸ்ட்ரால் விஷயம்: நோய் கிளம்பியிருக்கும்போது எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கிக் காட்டுவது உண்டு. குடல் அடங்கியபின் இன்னொரு முறை பாருங்கள். அப்பாவுக்கு 55-க்குள் மாரடைப்பு வந்ததால் ரத்த அழுத்தம், சர்க்கரையையும் வருடம் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தேவை என்று டாக்டர் சொன்னால் குடலை நினைத்துத் தயங்க வேண்டாம். இதயத்துக்கு நல்லது என்று நீங்களாக ஆஸ்பிரின் ஆரம்பிக்காதீர்கள், ஏற்கெனவே ரத்தம் போகிற குடல் அது. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன் போன்றவையும் வேண்டாம்.

இதையும் கவனியுங்கள்: மாரடைப்பைவிட இந்த நோயில் தெளிவாகக் கூடுவது காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது. பொதுவாக இரண்டு மூன்று மடங்கு, நோய் கிளம்பியிருக்கும்போது அதைவிட அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதை உங்கள் குடல் நோய் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகள் இந்த ஆபத்தை இன்னும் கூட்டும்.